ஆர்லாண்டோவில் நான்கு இரவு: மாமனார், மாமியார், இரண்டு வாண்டுகளோடு ரிசார்ட்டில் தங்கிய கதை

தெற்குவீதி:

போன வாரம்தான் திரும்பினோம். அழுக்குத் துணி இன்னும் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆறு பேர். நான், வீட்டுக்காரர், எட்டு வயது மகள், மூன்றரை வயது மகன், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். மாமனாருக்கு 71 வயது. நன்றாக நடப்பார், ஆனால் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடக்கப் பிடிக்காது. மாமியாருக்கு முட்டி வலி, வெள்ளிக்கிழமை சைவம். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வெளியே மலிவாகத் தங்கலாம் என்றார் வீட்டுக்காரர். பெரியவர்களை வைத்துக்கொண்டு தினமும் காரும் பார்க்கிங்குமாக அலைய முடியாது, தீம் பார்க்காரர்களின் சொந்த ரிசார்ட்டிலேயே தங்கிவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தது நான். இரண்டு ரூம், நான்கு இரவு, 12.5 சதவீத வரியெல்லாம் சேர்த்து 2,300 டாலருக்கு மேல். டிக்கெட் தனி. பையனுக்கு மூன்று முடிந்துவிட்டதால் அவனுக்கும் முழுசாக ஒரு டிக்கெட். மூன்று வயதுக்குக் கீழே என்றால் இலவசம். ஆறு மாதம் முன்னால் போயிருக்கலாம் என்று வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

அட்லாண்டாவிலிருந்து விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, மதியம் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். செக்-இன் நாலு மணிக்கு என்று தெரியும். லாபியில் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தோம். நாலு ஆனது, ரூம் தயாரில்லை. ஐந்து ஆனது, "இன்னும் இருபது நிமிடம்". ரூம் கைக்கு வந்தபோது மணி 5:40. பையன் சோபாவில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டான். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி சூட்கேஸ் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு ஒரு கூச்சம். அவருக்கு அதெல்லாம் இல்லை.

வந்த ரூம்களும் ஒன்று மூன்றாவது மாடியில், இன்னொன்று முதல் மாடியில். பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்று புக் செய்யும்போதே எழுதியிருந்தேன். கட்டடமோ வளாகத்தின் கடைசிக் கோடி. அங்கிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு என் நடையில் பதினோரு நிமிடம், மாமியார் நடையில் இருபத்தைந்து. நடுவில் ஒரு ஏரி வேறு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுற்றித்தான் போக வேண்டும்.

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். நீச்சல் குளம் அற்புதம். மகள் சறுக்கில் எத்தனை தடவை போனாள் என்று நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். இரவு ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மரங்களுக்கு மேலே வாணவேடிக்கையின் மேல்பாதி தெரியும். மாமனார் பெரிய கோவில் சதய விழாவோடு ஒப்பிட்டுப் பார்த்து, "செலவு பண்றான், ஆனா சத்தம் பத்தலை" என்றார்.

மீதியை நாளை எழுதுகிறேன். பஸ் கதை இருக்கிறது, ஏசி கதை இருக்கிறது. ஹோட்டல் பெயரைக் கேட்காதீர்கள். பணம் திரும்பக் கேட்டு எழுதப்போகிறேன், அது முடியும்வரை பொதுவில் பெயர் போடுவது சரியில்லை. டிஸ்னியா யுனிவர்சலா என்றும் கேட்காதீர்கள். அந்த ஊரில் பார்க்கை ஒட்டிய ஹோட்டல்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன.

மணல்மேடு:

நான் பத்து வருடமாகக் கத்திக்கொண்டிருப்பது இதைத்தான். பக்கத்து ஊர் கிஸிம்மியில் வாடகை வீடு எடுங்கள். நாலு படுக்கையறை, பின்னால் சொந்த நீச்சல் குளம், அடுப்பு, துணி துவைக்கும் மெஷின். காலையில் குக்கரில் பொங்கல் வைத்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆறு பேருக்கு இரண்டு ஹோட்டல் ரூம் என்பது பணத்தை ஏரியில் போடுவது.

கிச்சன்_கில்லாடி:

ரூமுக்குள் ரைஸ் குக்கர் கொண்டுபோனீர்களா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

தெற்குவீதி:

கொண்டுபோனேன். வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்காரர் பயந்துவிட்டார். காரின் டிக்கியிலேயே சும்மா போய்ச் சும்மா வந்தது.

சாவிக்கொத்து:

நான் டாலஸில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். தீம் பார்க் ஹோட்டல் இல்லை, ஆனால் தொழில் ஒன்றுதான். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, காலி செய்கிற நேரம் காலை 11, வருகிற நேரம் மாலை 4 என்றால், நடுவில் ஐந்து மணி நேரம்தான். நூற்றுக்கணக்கான ரூம்கள் ஒரே நாளில் காலியாகும். கோடை விடுமுறையில், அதுவும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால், காலி செய்கிற குடும்பம் பதினொன்றுக்கு எழுந்து போகவே போகாது. ஒரு ரூமில் ஐந்து பேர் தங்கி, தரையெல்லாம் சிப்ஸ் சிந்தியிருந்தால் அதைச் சுத்தம் செய்ய வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். இதை நியாயம் என்று சொல்லவில்லை. 5:40 என்பது மோசம்தான். நாலரைக்கே மேனேஜரைக் கூப்பிட்டு, வேறு கட்டடத்தில் தயாராக இருக்கும் ரூமைக் கேட்டிருக்க வேண்டும். ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளைக்கு ரூமை மாற்றுகிற அதிகாரம் பல இடங்களில் இருக்காது.

இரண்டாவது, "பக்கத்துப் பக்கத்தில்" என்று எழுதினால் போதாது. எங்கள் தொழிலில் அதில் இரண்டு வகை. அடுத்தடுத்த எண்ணுள்ள ரூம் ஒன்று. நடுவில் உள்கதவு உள்ள ஜோடி ரூம் இன்னொன்று, அதை 'கனெக்டிங்' என்போம். குடும்பத்துக்கு வேண்டியது இரண்டாவது. இணையத்தில் குறிப்புப் பெட்டியில் எழுதுவதெல்லாம் வெறும் விருப்பம், உத்தரவாதம் கிடையாது. வருவதற்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்து, இரண்டு புக்கிங் எண்ணையும் சொல்லி, "இவை இரண்டும் ஒரே குடும்பம், இதில் சின்னக் குழந்தை, அதில் முட்டி வலிக்காரர்" என்று இணைக்கச் சொல்லவேண்டும். அந்தச் சமயத்தில்தான் எந்த ரூம் யாருக்கு என்று பிரிப்பார்கள். நடக்க முடியாதவர் என்று சொன்னால் லாபி பக்கமே கொடுக்கப் பார்ப்பார்கள்.

ரைஸ் குக்கரை வெளியே எடுக்காதது நல்லது. சூடாகிற எதையும் ரூமில் வைக்கக்கூடாது என்று பெரும்பாலான ஹோட்டல்களில் விதி உண்டு. ஆவி பட்டுப் புகை அலாரம் அடித்தால் மொத்தக் கட்டடமும் ராத்திரி வெளியே நிற்கும். நான் பார்த்திருக்கிறேன். சாம்பார்.

கிச்சன்_கில்லாடி:

குக்கர் இல்லாமல் சமாளிக்க வழி சொல்கிறேன். கெட்டி அவலை ரூமில் இருக்கும் காபி மெஷினின் வெந்நீரில் நனைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தால் புளி அவல். பப்ளிக்ஸ் கடையில் தயிர் வாங்கி ரூம் பிரிட்ஜில் வைத்தால் தயிர் அவல். நான்கு நாளும் நாங்கள் இதில்தான் ஓட்டினோம். காபி மெஷினைக் கழுவாமல் மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

ரயிலடி:

மணல்மேடு அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். தெற்குவீதி அக்கா எங்கே தங்கினார் என்று கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் சுமார் 25,000 ஏக்கர், அதாவது நூறு சதுர கிலோமீட்டர். 2011-க்கு முந்தைய சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர். அந்தச் சென்னையில் பாதிக்கும் மேல்! அதற்குள் நாலு பார்க், இரண்டு நீர்ப் பூங்கா, இருபத்தைந்துக்கு மேல் ஹோட்டல். "பார்க்குக்கு உள்ளேயே தங்குகிறோம்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ராயபுரத்தில் ரூம் எடுத்துவிட்டு அடையாறில் இருப்பதைப் பார்க்கப் போவது போலத்தான் அது. பஸ் பிடிக்காமல் நடக்காது.

ஆகவே "உள்ளேயா வெளியேயா" என்று கேட்டுப் பயனில்லை. எந்த ஹோட்டல், அதிலிருந்து எப்படிப் போவது என்றுதான் பார்க்க வேண்டும். 1971 அக்டோபரில் மேஜிக் கிங்டம் பார்க் திறந்தபோது கூடவே வந்த ஹோட்டல்கள் இரண்டு: கன்டெம்பரரி, பாலினேசியன். இரண்டுக்கும் மோனோரயில் உண்டு, கன்டெம்பரரியில் ரயில் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகும். அங்கே தங்கினால் பெரியவர்களுக்குச் சொர்க்கம், பர்ஸுக்கு நரகம். 2019-ல் வந்த ஸ்கைலைனர் என்கிற தொங்கு வண்டி சில மலிவான ஹோட்டல்களையும் எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் இரண்டு பார்க்குகளோடு இணைக்கிறது. வண்டி வந்துகொண்டே இருக்கும், காத்திருக்க வேண்டியதில்லை. இடி மின்னல் வந்தால் மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

யுனிவர்சல் பக்கம் கதையே வேறு. ஹார்ட் ராக், போர்டோஃபினோ பே, ராயல் பசிபிக் என்று மூன்று ஹோட்டல்களில் தங்கினால், பழைய இரண்டு பார்க்குகளில் வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸ் ரூமில் உள்ள எல்லோருக்கும் இலவசம். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பார்க்கில் அது செல்லாது. இதைக் கவனிக்காமல் போய் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது மணல்மேடு அண்ணனுக்கு. கிஸிம்மி வீட்டிலிருந்து மேஜிக் கிங்டம் போவது எப்படி என்று நீங்கள் சொல்லவே இல்லையே. கார், அதற்கு 30 டாலருக்குக் குறையாத பார்க்கிங், அங்கிருந்து டிராம், அப்புறம் ஏரியைத் தாண்ட படகோ மோனோரயிலோ. பார்க் வாசலுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் ஒரு ஏரியே இருக்கிறது. முட்டி வலிக்காரரை வைத்துக்கொண்டு மூன்று வண்டி மாறுவீர்களா?

மணல்மேடு:

மாறினோம். என் அம்மாவுக்கு 68 வயது, படகில் போனதுதான் அவர்களுக்குப் பிடித்ததே. திரும்பி வந்ததும் சுடச்சுட ரசம் சாதம் இருந்தது. வாதாடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

காவிரிக்கரை_சிட்டு:

நாங்கள் டிசம்பரில் போகலாம் என்று இருக்கிறோம். என் அப்பா அம்மாவும் வருகிறார்கள். இதைப் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. பெரியவர்களைக் கூட்டிப்போவதே தப்பா? அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

பழைய_பஸ்பாஸ்:

இதற்கு நான் பதில் சொல்லலாம், ஏனென்றால் நான்தான் அந்தப் "பெரியவர்". கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியர். இரண்டு வருடம் முன்னால் மகன் எங்களை டிஸ்னிக்கு அழைத்துப்போனான்.

எங்களுக்கு அங்கே சலிப்பு கிடையாது. கணக்குதான் தொல்லை. நாலு டாலர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தால், 330 ரூபாய்த் தண்ணீர் என்று மனசு சொல்லும். குடித்தால் தொண்டையில் இறங்காது. மருமகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள், சாப்பாட்டுக் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் சும்மாவே கொடுப்பார்கள் என்று. அன்றிலிருந்து நிம்மதி.

இன்னொன்று, பிள்ளைகள் எங்களை நிழலில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு "ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறோம்" என்று போய்விடுவார்கள். சுமக்க வேண்டிய பைகள் எங்களிடம். அது போகட்டும். எங்களுக்கென்று சில இடங்கள் இருக்கின்றன, அதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

எப்காட்டில் 'லிவிங் வித் த லேண்ட்' என்று ஒரு படகுச் சவாரி. குலுக்கல் இல்லை, இருட்டில் பூதம் வராது. பாதி வழிக்குப் பிறகு படகு கண்ணாடிக் கூடாரங்களுக்குள் நுழைகிறது. உள்ளே நிஜப் பயிர். மண்ணே இல்லாமல் வேர் அந்தரத்தில் தொங்க, அதன்மேல் நீரைத் தெளித்து வளர்க்கிறான். தக்காளியைக் கொடி மாதிரி பந்தலில் ஏற்றியிருக்கிறான். எனக்கு ஒன்றரை மா நிலம் இருந்தது, விற்றாகிவிட்டது. அந்தப் படகில் மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை பேரன் "தாத்தா, போதும்" என்றான்.

மேஜிக் கிங்டத்தில் 'கெரோசல் ஆஃப் ப்ராக்ரஸ்'. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. ஏசி அரங்கில் உட்கார்ந்திருந்தால் போதும், நாம் உட்கார்ந்திருக்கும் கூடமே மேடையைச் சுற்றி நகரும். இருபது நிமிடம். என் மனைவி முதல் காட்சியிலேயே தூங்கிவிட்டாள். அவள் சொன்னாள், அந்த ஊரில் அவளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஆகவே கூட்டிப்போங்கள், அம்மா. ஆனால் காலையில் போய் மதியம் ரூமுக்குத் திரும்பிவிடவேண்டும். அதற்காகத்தான் ரூம் கிட்டத்தில் இருக்கவேண்டும் என்பது. தெற்குவீதி சொல்கிற அந்த ஏரியைச் சுற்றுகிற ரூமில் எங்களைப் போட்டிருந்தால் நான் இரண்டாம் நாளே டிக்கெட் கேட்டிருப்பேன், கும்பகோணத்துக்கு.

காவிரிக்கரை_சிட்டு:

ரொம்ப நன்றி ஐயா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "தக்காளிப் படகு" என்று இப்போதே பெயர் வைத்துவிட்டார்.

தெற்குவீதி:

ஐயா, உங்கள் பதிவை மாமனாரிடம் காட்டினேன். "ஒன்றரை மா" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, எந்த ஊர்ப் பக்கம் நிலம் என்று கேட்கச் சொன்னார்.

சரி, மீதிக் கதை.

இரண்டாம் நாள் மதியம் குளத்தில் இருந்தோம். வெயில் கொளுத்துகிறது, வானத்தில் ஒரு மூலையில் மட்டும் கறுப்பு. மூன்று மணிக்கு விசில் அடித்து எல்லோரையும் தண்ணீரை விட்டு வெளியேற்றினார்கள். மழைத்துளி ஒன்றுகூட இல்லை. எங்கோ ஒரு இடி கேட்டதாம். மகள் அழுகிறாள், மற்ற பிள்ளைகளும் அழுகிறார்கள், குளத்தங்கரை முழுக்க ஒரே ஒப்பாரி. அரை மணி கழித்துத் திறந்தார்கள், பத்து நிமிடத்தில் மறுபடி விசில். அடுத்த இரண்டு நாளும் இதே நேரத்துக்கு இதே கூத்து. இது ஹோட்டலின் குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ். மூன்றாம் நாள் இரவு வாணவேடிக்கை முடிந்ததும் பார்க்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். எங்கள் ஹோட்டல் பஸ்ஸுக்கான வரிசையில் 55 நிமிடம். பக்கத்து வரிசைக்கு மூன்று பஸ் வந்து போனது, எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. பையன் என் தோளில், ஸ்ட்ரோலரை மடித்து மாமனார் கையில். வந்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம். அப்போது பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் இரண்டு பேர் எழுந்து பெரியவர்களுக்கு இடம் விட்டார்கள். மாமியார் அவர்கள் தலையைத் தொட்டு "நல்லா இருங்க" என்றார். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, "யு டூ மேம்" என்றார்கள்.

சாப்பாடு. வெள்ளிக்கிழமை சூப்பைச் சைவமா என்று கேட்டுத்தான் வாங்கினேன், ஆமாம் என்றார்கள். பாதி குடித்த பிறகு சந்தேகம் வந்து மறுபடி கேட்டால், காய்கறி சூப்தான், ஆனால் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்தது என்கிறார்கள். மாமியார் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஆனால் இதைக் கேட்டுச் சமையல்காரரே வெளியே வந்தார். பால் சாப்பிடுவாரா, முட்டை, வெங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இருபது நிமிடத்தில் சாதமும் தாளித்த காய்கறியும் தனியாகச் செய்து, அவரே கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை. மாமியார் சாப்பிட்டுவிட்டு, "உப்பு மட்டும் குறைச்சல்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

ஏசி கதை கடைசியில். பெரியவர்கள் ரூமில் இரண்டு மணி ராத்திரிக்கு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி, கட்டில் பக்கத்துக் கம்பளம் நனைந்துவிட்டது. மாமனார் எங்களை எழுப்பக்கூடாது என்று குளியலறைத் துண்டுகளையெல்லாம் விரித்து, குப்பைக்கூடையைக் கீழே வைத்து, விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஒரே ரூமாகவோ உள்கதவோடோ இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். சாவிக்கொத்து சார் சொன்ன 'கனெக்டிங்' என்பதைப் படித்ததும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

காலையில் சொன்னதும் பதினைந்து நிமிடத்தில் ஆள் வந்துவிட்டார். புவேர்ட்டோ ரிக்கோக்காரர், ஐம்பது வயது இருக்கும், பெரிய மீசை. குழாயில் அழுக்கு அடைத்திருந்ததாம், ஊதி எடுத்துவிட்டுப் போனார். போகும்போது மாமியார் சும்மா விடுவாரா, டப்பாவைத் திறந்து கைமுறுக்கு இரண்டு கொடுத்தார். மறுநாள் கூப்பிடாமலே கதவைத் தட்டினார். "ஏசி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன்" என்றார். ஏசியைப் பார்க்கவே இல்லை, டப்பாவைத்தான் பார்த்தார்.

ஜூரோங்_வாசி:

படித்துச் சிரித்துவிட்டேன். எங்கள் சிங்கப்பூர் செந்தோசாவில் இந்தத் தூரப் பிரச்சினை கிடையாது. விவோசிட்டியில் குட்டி ரயில் ஏறினால் சில நிமிடத்தில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வாசல். சாயங்காலம் வீட்டுக்கே திரும்பிவிடலாம். அப்படியும் சிலர் அங்கேயே ரூம் போட்டுத் தங்குகிறார்கள். என் அக்கா குடும்பம் அப்படித்தான், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரம். துணி காயப்போட வேண்டாமாம், அதுதான் விடுமுறையாம்.

ரயிலடி:

அக்கா, குளத்துக் கதைக்குப் பதில். அது ஹோட்டலின் குற்றம் இல்லை, புளோரிடாவின் புவியியல். அது ஒரு தீபகற்பம். கோடையில் நிலம் சூடேறியதும் கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்து ஒரு கடற்காற்று, மேற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து இன்னொரு கடற்காற்று. இரண்டும் நடு நிலத்தில் முட்டிக்கொள்ளும். முட்டுகிற இடத்தில் ஆர்லாண்டோ இருக்கிறது. அதனால்தான் மதியம் இரண்டு மூன்று மணிக்குக் கடிகாரம் வைத்த மாதிரி இடி. அமெரிக்காவிலேயே மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று அது. குளம், வெளிச் சவாரி எல்லாவற்றையும் நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

அதனால் கோடையில் போகிறவர்கள் குளத்தைக் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், காலை பார்க்குக்குத்தான். டிஸ்னி ஹோட்டல்களில் தங்கினால் மற்றவர்களுக்கு அரை மணி முன்னாலேயே உள்ளே விடுவார்கள். அந்த அரை மணி மதியத்தின் இரண்டு மணி நேரத்துக்குச் சமம். மதியம் தூக்கம், இடி ஓய்ந்ததும் குளம்.

கட்டண வரிசையும் அப்படித்தான். வரிசையைத் தாண்ட டிஸ்னியில் 1999-லிருந்து இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ் போய், காசு கட்டுகிற முறை வந்து, அது 2024 ஜூலையில் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாறியிருக்கிறது. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்னாலேயே நேரம் குறிக்கலாம், வெளியே தங்குபவர்கள் மூன்று நாள் முன்னால்தான். உள்ளே தங்குவதற்குக் கொடுக்கிற காசில் பாதி இதற்குத்தான் என்று நினைப்பேன். இதைப் பயன்படுத்தவில்லை என்றால் மணல்மேடு அண்ணன் வீடே மேல்.

மணல்மேடு:

எழுதி வைத்துக்கொள்கிறேன், ரயிலடி தம்பி ஒப்புக்கொண்டுவிட்டார்.

சாவிக்கொத்து:

தெற்குவீதி மேடம், பணம் திரும்பக் கேட்டு எழுதும்போது எல்லாக் குறையையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். இடி மின்னலை எழுதினால் மற்றதையும் படிக்க மாட்டார்கள். பஸ்ஸையும் விட்டுவிடுங்கள். இரண்டே இரண்டு: செக்-இன் தாமதம், ஏசி. இரண்டுக்கும் நேரம் போட்டு, ஈரக் கம்பளத்தின் படம் இருந்தால் சேர்த்து, என்ன வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். "ஒரு ரூமுக்கு ஓர் இரவு வாடகை" என்பது மறுக்க முடியாத அளவு. சூப்பைப் பற்றி எழுதினால் அந்தச் சமையல்காரருக்குப் பாராட்டாக எழுதுங்கள். அது உண்மையிலேயே அவர் கோப்பில் போய்ச் சேரும்.

பழைய_பஸ்பாஸ்:

தெற்குவீதி அம்மாவுக்கு: நிலம் திருப்பனந்தாள் பக்கம். உங்கள் மாமனாருக்கு வணக்கம் சொல்லுங்கள். ராத்திரி முழுக்கக் குப்பைக்கூடைக்குக் காவல் இருந்ததைப் படித்தேன். நானும் அதைத்தான் செய்திருப்பேன். இதற்காகப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

தெற்குவீதி:

கடைசிப் பதிவு. சாவிக்கொத்து சார் சொன்னபடி இரண்டை மட்டும் எழுதி அனுப்பினேன். படம் மாமனார் போனில் இருந்தது. துண்டு, குப்பைக்கூடை, மணி 3:14 எல்லாம் தெளிவாக எடுத்து வைத்திருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை. ஆறு நாளில் பதில் வந்தது. ஒரு ரூமுக்கு ஓர் இரவு வாடகையும் வரியும் திரும்பி வந்துவிட்டது. செக்-இன் தாமதத்துக்கு மன்னிப்பு மட்டும்.

மறுபடி போவோமா என்றால், போவோம். ஆனால் கோடையில் இல்லை, கடைசிக் கோடிக் கட்டடத்திலும் இல்லை. வீட்டுக்காரர் கிஸிம்மி வீடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் மோனோரயில் ஹோட்டல் விலையைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுத்த மாதம் அதே ஹோட்டலுக்குப் போகிறார்கள், எல்லாம் சொல்லியும் கேட்காமல். மாமியார் ஒரு டப்பா முறுக்கு சுற்றிக் கட்டிவைத்திருக்கிறார். ஆளின் பெயர் தெரியாது. "மீசை பெரிசு, இடுப்புல சாவி தொங்கும், ஏசி ரிப்பேர்னு போன் பண்ணினா வருவாரு" என்று அவர்களுக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏசி நன்றாக இருந்தால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்டார்கள். "ரிப்பேர்னு சொல்லுங்க" என்கிறார்.